அறிக்கைகள் எல்லாம் சரி. ஆள் மட்டும் ஏன் சரியாகவில்லை?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. நான்கு மாதங்களுக்கு முன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூச்சு இல்லை, அசைவு இல்லை. கல்லூரியில் முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்த என் மகன் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவே இல்லை. வந்தவர்கள் இரண்டு முறை ஷாக் கொடுத்தபின் துடிப்பு திரும்பியது. மாரடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இப்போது எக்கோ, ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் இருமினால் நெஞ்செலும்பின் ஓரம் வலிக்கிறது. குரல் கரகரப்பாகவே இருக்கிறது. குளித்துவிட்டு வந்தாலே படுத்துவிடுகிறார். காலையில் கேட்ட கேள்வியையே மாலையிலும் கேட்கிறார். தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை வெட்டி வெட்டி இழுக்கிறது. விலா எலும்புகள் மூன்று முறிந்திருந்தன என்று கேள்விப்பட்டதிலிருந்து, “நான்தான் அப்பாவை உடைத்துவிட்டேன்” என்று மகன் புழுங்குகிறான். இவையெல்லாம் நிரந்தரமா? கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். திரும்ப வேலைக்குப் போக முடியுமா?

பதில்: உங்கள் மகனிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. இந்தப் பத்தியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வயது வந்தவருக்கு சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவி) செய்யும்போது மார்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை உள்ளே அமுங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுங்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் விலாக்கூடு அவ்வளவு வளைந்து கொடுக்காது. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் அழுத்தினாலும் விலா முறியும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு விலாவாவது முறிகிறது, சிலருக்கு நடு நெஞ்செலும்பும் விரிசல் விடுகிறது. இன்னொரு கணக்கையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கணவருக்கு நேர்ந்த வகையில், அதாவது ஷாக் கொடுத்தால் திரும்பக்கூடிய தாறுமாறான துடிப்பில், யாரும் அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைத்துவிடும். ஆம்புலன்ஸ் வந்தபோது ஷாக் கொடுப்பதற்கு ஏற்ற நிலையில் இதயம் இருந்ததென்றால், அதில் உங்கள் மகனின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மூளை இவ்வளவு தூரம் தப்பியதற்கும் அதுவே காரணம்.

முறிந்த விலா பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களில் கூடிவிடும். நான்கு மாதம் கழித்தும் வலிப்பது ஏன் என்றால், விலாவும் நெஞ்செலும்பும் சேரும் இடத்தில் இருப்பது குருத்தெலும்பு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், இருமும்போதோ புரண்டு படுக்கும்போதோ சுருக்கென்று வருவது பெரும்பாலும் இந்த வலிதான். அழுத்தினால் ‘கிளிக்’ என்று நகர்கிறது என்றால் எலும்பு சரியாகக் கூடவில்லையோ என்று ஒரு முறை காட்டிவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு முழுக்கக் கனமாக அழுத்துவது, தாடைக்கோ கைக்கோ பரவுவது, வியர்ப்பது ஆகியவை வேறு சங்கதி. அவற்றை ‘பழைய எலும்பு வலி’ என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலிக்கு என்ன மாத்திரை தருகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன்: இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கு அவை இதயத்துக்குக் கேடு. ஸ்டென்டுக்காகச் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரைகளோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகத்துக்கும் சுமை. பாராசிட்டமால் போதும். உறைதல் தடுக்கும் மாத்திரைகளையும் வேறு எந்தத் தொந்தரவுக்காகவும், யார் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

இனி மூளை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டவை அந்த இரண்டு வரிகள்தான்: காலையில் கேட்டதை மாலையில் கேட்பது, டம்ளர் தூக்கும்போது கை வெட்டி இழுப்பது.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. இதயம் நின்ற பத்துப் பதினைந்து நொடிகளில் நினைவு தப்புகிறது, சில நிமிடங்களில் நரம்பு செல்கள் சேதமடையத் தொடங்குகின்றன. எவ்வளவு நன்றாக நெஞ்சை அழுத்தினாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்த அரைகுறை ஓட்டத்தில் எல்லாச் செல்களும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. புதிய செய்திகளை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும், அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையின் சில செல்களும் மற்றவற்றைவிடப் பலவீனமானவை.

பலருக்குத் தெரியாத விஷயம், சேதம் ரத்தம் நின்றபோது மட்டும் நடப்பதில்லை என்பது. ரத்தம் திரும்பப் பாயும்போது இன்னொரு சுற்றுச் சேதம் நடக்கிறது. ஹிப்போகாம்பஸ் செல்களில் சில, ஓரிரு நாள் உயிரோடு இருந்துவிட்டுப் பிறகு மடிகின்றன. ரஷ்ய மருத்துவ அறிஞர் விளாதிமிர் நெகோவ்ஸ்கி, உயிர்ப்பித்தபின் உடல் முழுக்க நடக்கும் இந்தக் கலவரத்தைத் தனி நோயாகவே கருத வேண்டும் என்று 1970களிலேயே வாதிட்டார். 2008இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட அறிக்கை அதற்கு முறையான வரையறை தந்தது: மூளைக்காயம், இதயத் தசையின் தற்காலிகச் சோர்வு, உடல் முழுவதற்கும் பரவும் அழற்சி, முதலில் இதயத்தை நிறுத்திய மூல நோய். உங்கள் கணவருக்கு இதில் மூல நோய்க்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. இதயத் தசையின் சோர்வு பொதுவாக இரண்டு மூன்று நாட்களில் தெளியத் தொடங்கிவிடும், அவருடைய எக்கோ நன்றாக இருப்பது அதைத்தான் காட்டுகிறது. எஞ்சியிருப்பது மூளையும், படுக்கையில் கிடந்த உடலும்.

‘தலை ஸ்கேன் நார்மல்’ என்றார்களே என்று கேட்பீர்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் பெரிய சேதத்தையும் காட்டும். ஆங்காங்கே சிதறலாக மடிந்த செல்களைக் காட்டாது. ஸ்கேன் சுத்தமாக இருந்தும் மறதி உள்ள எத்தனையோ பேரைப் பார்க்கிறோம். இன்னொரு சங்கடமும் உண்டு. மருத்துவமனைகளில் இந்த நோயாளிகளின் மூளை நிலையை ஐந்து படிகள் கொண்ட ஓர் அளவுகோலால் குறிப்பது வழக்கம். விழிப்போடு இருந்து, வேலை பார்த்து இயல்பான வாழ்வை நடத்த முடியும் என்று தெரிந்தால் முதல் படி, ‘நல்ல நிலை’. லேசான மறதியோ கவனக்குறைவோ இருந்தாலும் அந்தப் படியிலேயே வைத்துவிடலாம். ஆகவே ‘நன்றாக இருக்கிறார்’ என்று டாக்டர் சொன்னது பொய் இல்லை. அந்த அளவுகோல்தான் முரடானது. பிழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நினைவாற்றல், கவனம், திட்டமிடுதல், யோசிக்கும் வேகம் ஆகியவற்றில் ஏதோ ஒரு குறை தேடிப் பார்த்தால் தெரிகிறது. யாரும் தேடுவதில்லை என்பதுதான் என் மனக்குறை. இதயத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறோம்.

மறதியில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். விழுந்த நாளும், அதை ஒட்டிய சில நாட்களும், ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களும் அவருக்கு நினைவில்லை என்றால் அது திரும்பி வராது. மூளை அவற்றைப் பதிவு செய்யவே இல்லை. ‘யோசித்துப் பாருங்கள், நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனே’ என்று அவரைச் சோதிக்க வேண்டாம். புதிதாகக் கேட்டதை இன்று மறப்பது வேறு, அது முன்னேறக்கூடியது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடந்துவிடுகிறது. அதன்பின் வேகம் குறைந்து, ஆறு மாதம், ஒரு வருடம் வரை மெல்ல மெல்லத் தொடரும். நான்காம் மாதத்தில் இருக்கும் அவருக்குக் கதவு அடைபடவில்லை. அதே சமயம், எல்லாம் முன்போலவே ஆகிவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு பங்கு தங்கிவிடுவது உண்டு. தங்குவதை என்னவென்று அறிந்தால் அதைச் சுற்றி வாழப் பழகலாம்: ஒரே நோட்டுப் புத்தகம், கைபேசியில் அலாரம், மாத்திரைகளுக்கு நாள் வாரியாகப் பிரித்த டப்பா, சாவிக்கும் கண்ணாடிக்கும் மாறாத இடம். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, நினைவாற்றலையும் கவனத்தையும் அளக்கும் விரிவான உளவியல் சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து நிமிடக் கேள்வித்தாள் முதல் வடிகட்டல்தான், கணக்கு வேலை பார்க்கும் ஒருவருக்கு அது போதாது.

கைக்கு வருகிறேன். சும்மா இருக்கும்போது அமைதியாக இருந்து, ஒன்றை எடுக்கப் போகும்போது மட்டும் கை வெட்டி இழுக்கிறது என்றால், இதயம் நின்று பிழைத்தவர்களில் அரிதாகக் காணப்படும் ஒரு நிலையை நினைக்க வேண்டியிருக்கிறது. ஜேம்ஸ் லான்ஸ், ரேமண்ட் ஆடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1963இல் இதை விவரித்தார்கள், இன்றும் அவர்கள் பெயரால்தான் அழைக்கிறோம். ஆக்சிஜன் குறைந்த மூளை, அசைவுக்கான கட்டளையைச் சீராக அனுப்பாமல் துண்டு துண்டாக அனுப்புகிறது. நினைத்துச் செய்யும் செயலிலும், பதற்றத்திலும், திடீர்ச் சத்தத்திலும் அது கூடும். தூக்கத்தில் அடங்கும். கால்களில் வந்தால், நிற்கும்போது முழங்கால் திடீரென்று தளர்ந்து விழ நேரிடும். கடிதத்தை வைத்து இதுதான் என்று நான் முடிவுகட்ட முடியாது. மருந்துகளால் வரும் நடுக்கமும் உண்டு, தைராய்டு கூடினாலும் கை நடுங்கும். நீங்கள் செய்ய வேண்டியது எளிது: டம்ளர் எடுக்கும்போதும், கையெழுத்துப் போடும்போதும், எழுந்து நிற்கும்போதும் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மருத்துவரின் அறையில் ஐந்து நிமிடத்தில் வராமல் போகலாம், வீடியோவில் இருந்தால் ஏமாற்றாது. இதற்கு மருந்துகள் உண்டு: குளோனசிபாம், லெவெடிராசிட்டம், வால்புரோயேட் போன்றவை. முற்றிலும் போகாவிட்டாலும் டம்ளர் தளும்பாத அளவுக்குக் குறைப்பதே பெரிய லாபம். ஆனால் முதலாவது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கூட்டும். இரண்டாவது சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தரும். மருந்து தொடங்கியபின் மனிதர் சிடுசிடுத்தால் அவர் மேல் கோபப்படுவதற்கு முன் மருந்தைச் சந்தேகியுங்கள்.

சோர்வு பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பிழைத்தவர்களிடம் எது அதிகம் தொல்லை தருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். வீட்டாருக்கோ இது சோம்பலாகத் தெரியும். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு இது. பதிவதற்கும் கவனிப்பதற்கும் மூளை முன்பைவிட அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் அறையில் உட்கார்ந்திருப்பதே அவருக்கு உழைப்பு. அதோடு தசையும் போயிருக்கிறது. தீவிர சிகிச்சையில் அசையாமல் கிடப்பவருக்கு முதல் வாரத்திலேயே தொடைத் தசையில் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுவது உண்டு. ஆறு நாள் கரைந்ததைத் திரும்பக் கட்ட மாதங்கள் பிடிக்கும், தானாக அது வளராது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு மாத்திரைகளும் சிலரைத் தளர்த்தும், கைகால் சில்லிடும், தாம்பத்திய ஆர்வமும் குறையலாம். அமியோடரோன் என்ற மருந்து கொடுத்திருந்தால் அது தைராய்டைக் கெடுக்கக்கூடியது, அதனாலும் சோர்வு வரும். ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு ஆகியவையும் வரிசையில் நிற்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் சரிசெய்யக்கூடியவை. எனவே ‘இனி இப்படித்தான்’ என்று ஒப்புக்கொள்வதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, மருந்துப் பட்டியல், தூக்கம் நான்கையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவை மாற்றவும் வேறு மருந்துக்குப் போகவும் மருத்துவருக்கு வழி இருக்கிறது.

இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. கண்காணிப்போடு நடை, மிதிவண்டி, தசைப் பயிற்சி எல்லாம் படிப்படியாகக் கூட்டுவார்கள். கிடைக்குமிடத்தில் அவசியம் சேர்த்துவிடுங்கள். மாரடைப்பு நோயாளிகளுக்கு அதனால் நன்மை என்பது நன்கு நிறுவப்பட்டது. ஆளைத் தூக்கி நிறுத்துவதோடு, ‘மறுபடி நின்றுவிடுமோ’ என்ற பயத்தையும் அது குறைக்கிறது. வீட்டில் ஒரே விதி: நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கையில் விழக் கூடாது. குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே ஓய்வு, விருந்தினர் வருகிற நாளில் வேறு வேலை வேண்டாம்.

குரல் பற்றிச் சுருக்கமாக. தொண்டையில் குழாய் இருந்தால் குரல் நாண்கள் வீங்கும், பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும். நான்கு மாதம் என்பது அதிகம். காது மூக்குத் தொண்டை மருத்துவர் சிறு குழாய்க் கேமராவால் பார்த்துவிடுவார். குரல் நாண் அசையவில்லையா, அதில் முண்டு வளர்ந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்றும் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. குழாய் இருந்த இடத்தில் மூச்சுக்குழல் சுருங்கியிருக்கலாம், அன்றே போக வேண்டும்.

சிறுநீரகம் இந்த அதிர்ச்சியில் பெரும்பாலும் தற்காலிகமாகத் தடுமாறும், கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) ரத்தத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் வருடம் ஒரு முறை பார்த்தால் போதும். ஷாக் கொடுத்த இடத்தின் தோல் கருமை மங்கிவிடும். நெஞ்சுக்குள் வைக்கும் ஷாக் கருவி ஏன் பொருத்தவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்டுப் பயமுறுத்துவார்கள். மாரடைப்பின் முதல் இரண்டு நாட்களுக்குள் வந்த தாறுமாறான துடிப்பு, அடைப்பை நீக்கியபின், நல்ல எக்கோவோடு இருப்பவருக்குப் பொதுவாக அந்தக் கருவி தேவைப்படுவதில்லை.

நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்முன்னே கணவர் விழுந்ததைப் பார்த்தவர் நீங்கள். இந்த நோயாளிகளின் மனைவியோ கணவரோ, நோயாளியைவிட மோசமான மனஅதிர்ச்சியில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். அவருக்கு அந்த நாள் நினைவில்லை, உங்களுக்கு ஒவ்வொரு நொடியும் நினைவிருக்கிறது. இரவில் எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறீர்களா? அவர் குளியலறையில் தாமதித்தால் நெஞ்சு படபடக்கிறதா? ஆம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல், டிஸ்சார்ஜ் ஆன மூன்று மாதங்களுக்குள் நோயாளியின் நினைவாற்றல், மனநிலை, சோர்வு மூன்றையும் சோதிக்க வேண்டும், குடும்பத்தாருக்கும் தகவலும் ஆதரவும் தர வேண்டும் என்கிறது. உங்களுக்கு யாரும் அதைத் தரவில்லை என்றால் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. மகனையும் அழைத்துச் செல்லுங்கள். நான் மேலே எழுதியதை நேரில் ஒரு மருத்துவர் வாயால் அவர் கேட்பது நல்லது.

வேலைக்கு வருவோம். பிழைத்தவர்களில் பலர் வேலைக்குத் திரும்புகிறார்கள், ஆனால் முன்பு விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடங்குபவர்கள் குறைவு. முதலில் நினைவாற்றல் சோதனையின் முடிவும், கைக்கான சிகிச்சையும் வரட்டும். அதற்குள் வீட்டில் ஒத்திகை பார்க்கலாம்: பழைய கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, அரை மணி நேரம் வேலை, கால் மணி நேரம் ஓய்வு என்று செய்யட்டும். எத்தனை பிழை, எந்த நேரத்தில் பிழை என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் அரை மணி நேரம் சரியாக இருந்து பிறகு சரியும். அந்தக் குறிப்பு அலுவலகத்தில் பேசுவதற்கும் உதவும். அரை நாள் வேலை, சத்தமில்லாத இடம், ஒரு நேரத்தில் ஒரு வேலை, பணம் கைமாறும் பதிவுகளை இன்னொருவர் சரிபார்ப்பது என்று முதல் சில மாதங்களுக்குக் கேட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லாமல் மறைத்துச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறைத்தால் முதல் பிழையிலேயே அவர் தன்னம்பிக்கை நொறுங்கும். போய்வர மட்டும் அவர் வண்டி ஓட்ட வேண்டாம். கை வெட்டி இழுப்பது அடங்கி, இதய மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சம்மதம் சொல்லும்வரை வேறு யாராவது கொண்டுபோய் விடட்டும்.